காக்கை அஞ்சனையும் குயில் இட்ட செயலியும்

குளக்கரைப் பூவரச மரத்தின் உச்சிக் கவட்டில் அஞ்சனை என்ற காக்கை கூடு கட்டியிருந்தாள். கூட்டில் மூன்று முட்டைகள். முட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர்.

"காக்கைக் கூட்டில் கம்ப்யூட்டரா?" என்று வாயைப் பிளக்காதீர்கள்! காக்கைக் கூட்டில் என்னதான் இருக்காது? கம்பி இருக்கும், கரண்டி இருக்கும், யார் வீட்டு மூக்குக்கண்ணாடியோகூட இருக்கும். பளபளவென்று எதைக் கண்டாலும் தூக்கிக்கொண்டு வருகிற கூட்டம் அது. கம்ப்யூட்டரும் அப்படித்தான் வந்தது. அந்தக் கரையில் இப்போது கூட்டுக்குக் கூடு ஒன்று உண்டு.

ஆனால் அஞ்சனை அதைப் பகட்டுக்காக வைத்திருக்கவில்லை. போன வருஷம் அவளுக்கு ஒரு பெரிய ஏமாற்றம் நடந்திருந்தது. அவளுடைய முட்டை ஒன்றைக் கீழே தள்ளிவிட்டு, ஒரு குயில் தன் முட்டையை அங்கே வைத்துவிட்டுப் போயிருந்தது. அஞ்சனைக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்து அடைகாத்தாள். பொரித்த குஞ்சுகளில் ஒன்றுக்கு மட்டும் பசி அடங்கவே அடங்காது. அதற்குக் குண்டன் என்று பெயர் வைத்து ஆசை ஆசையாக ஊட்டினாள். ஒருநாள் குண்டன் கழுத்தை நீட்டி, "குக்கூ!" என்றான்.

மரமே சிரித்தது. "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். நம்ம அஞ்சனைக்கு அடுத்தவள் குஞ்சும் பொன் குஞ்சு!" என்று நாத்தனார்கள் கேலி செய்தார்கள். இறக்கை முளைத்ததும் குண்டன் பறந்து போய்விட்டான். அஞ்சனை கேலி செய்தவர்களோடு ஒரு மூச்சு சண்டை போட்டாள். பிறகு தனியாக உட்கார்ந்து அழுதாள். தன் குஞ்சுகளும் குண்டனும் முதன்முதலாகக் கத்திய குரலை அவள் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்திருந்தாள். மனசு சரியில்லாதபோதெல்லாம் அதைப் போட்டுக் கேட்பாள்.

"இந்த வருஷம் குயில் என் கூட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கட்டும், தெரியும் சேதி!" என்று கம்ப்யூட்டரின் கேமராவை முட்டைகளைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். இரை தேடப் போன இடத்திலிருந்தும் ஒரு சின்ன போனில் கூட்டைப் பார்த்துக்கொள்வாள்.

அஞ்சனைக்கு ஒரு குணம். மூடியிருக்கிற எதைக் கண்டாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். பார்க்காவிட்டால் தலை வெடித்துவிடும்! அதே சமயம் இரை விஷயத்தில் பலே கெட்டிக்காரி. யாராவது சோற்று உருண்டை வைத்தால் தலையை ஒருச்சாய்த்து இந்தக் கண்ணால் ஒரு தரம், அந்தக் கண்ணால் ஒரு தரம் பார்ப்பாள். வைத்தவர் கையில் கல் இருக்கிறதா என்றும் பார்ப்பாள். அப்புறம்தான் கொத்துவாள்.

ஒருநாள் காலையில் அவள் கம்ப்யூட்டருக்கு ஒரு செய்தி வந்தது.

'கரகரப்பு நீக்கி! உங்கள் குரலைத் தேன் குரலாக மாற்றும் அதிசயச் செயலி! முற்றிலும் இலவசம்! இப்படிக்கு, அகில வனப் பறவைகள் இசைச் சங்கம்.'

"என்னங்க! இங்க வந்து பாருங்க!" என்று கணவன் மையழகனைக் கூப்பிட்டாள்.

மையழகன் எட்டிப் பார்த்தான். "அப்படி ஒரு சங்கம் இருக்கா?"

"இல்லாமலா பேர் போட்டிருக்கு?"

"நம்ம குரலுக்கு என்ன குறைச்சல்? இந்தக் குரல்ல கூப்பிட்டுத்தானே உன்னைக் கட்டிக்கிட்டேன்!"

"அன்னைக்கு எனக்குக் காதுல சளி!" என்றாள் அஞ்சனை. "உள்ளே என்னதான் இருக்குன்னு பார்த்துட்டு மூடிடறேன்."

செயலி திறந்தது. 'கேமராவைப் பயன்படுத்தலாமா?' என்று கேட்டது. ஆம் என்றாள். 'மைக்கைப் பயன்படுத்தலாமா?' ஆம். 'எல்லா ஃபைல்களையும் பார்க்கலாமா?' அதற்கும் ஆம்!

"குரலை மாத்தறதுக்கு ஃபைல் எதுக்குடி?" என்றான் மையழகன்.

"உங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு கேள்வி!"

சோற்று உருண்டைக்குச் சாய்கிற அந்தத் தலை அன்றைக்கு ஒரு நூல்கூடச் சாயவில்லை. அதுதான் வேடிக்கை.

அஞ்சனை மைக்கின் முன்னால் "கா!" என்றாள். கம்ப்யூட்டரிலிருந்து புல்லாங்குழல் போல ஓர் இசை வந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நல்லது கிடைத்தால் காக்கை என்ன செய்யும்? ஒரு பருக்கை கிடைத்தாலும் கத்தி ஊரைக் கூட்டுவதுதானே வழக்கம்! "கா! கா! கா!" என்று கூப்பிட்டு, மாமா, சித்தி, நாத்தனார் என்று எல்லாருக்கும் செயலியை அனுப்பினாள். அவர்கள் தங்கள் உறவுக்கு அனுப்பினார்கள். நடுப்பகலுக்குள் குளக்கரை முழுக்கப் புல்லாங்குழல்தான். தவளைகள் மிரண்டுபோய்த் தண்ணீருக்குள் குதித்துவிட்டன.

இரண்டு நாள் கொண்டாட்டம். பிறகு கோளாறு ஆரம்பித்தது.

எதைத் திறந்தாலும் நடுவில் ஒரு விளம்பரம் குதித்தது. 'மலிவு விலையில் நெத்திலி!' அதை மூடினால், 'இறகு கொட்டுகிறதா?' அதையும் மூடினால் மறுபடியும் நெத்திலி! கம்ப்யூட்டர் நத்தையாக நகர்ந்தது. கொதிக்கவும் கொதித்தது. பழைய படங்களில் சில திறக்கவில்லை. திறந்தவையும் கோடு கோடாகத் தெரிந்தன.

இதைவிட விசித்திரமான ஒன்றும் நடந்தது. அஞ்சனை கூட்டைவிட்டு எழுந்தால் போதும், பக்கத்து மரத்திலிருந்து ஓர் ஆண் குயில் "குக்கூ!" என்று வேண்டுமென்றே கத்தும். மையழகன் ஆத்திரத்தோடு அதைத் துரத்திக்கொண்டு ஓடுவான். அந்த நேரம் பார்த்துக் கூட்டுக்கு அருகே இலைகளுக்குள் புள்ளி புள்ளியாக ஏதோ அசையும். அஞ்சனை பாதி வழியில் திரும்பி வந்ததால் ஒவ்வொரு தரமும் முட்டைகள் தப்பின.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் தினமும் பனம்பழம் விழுமா? "நான் எழுந்திருக்கிறது இவங்களுக்கு எப்படித் தெரியுது?" என்று அவளுக்கு மண்டைக்குள் குடைய ஆரம்பித்தது.

அப்போது அவளுடைய தாய்மாமன் கட்டைவாலன் மூச்சிரைக்க வந்தார். "அஞ்சனை! நான் உன் செயலியைத் திறக்கவே இல்லை. தொடக்கூட இல்லை. எனக்கும் அதே நெத்திலி வருதே!"

"திறக்காமலே வந்துச்சா? எப்படி?" அஞ்சனையின் கண் அகன்றது. பயம் ஒரு பக்கம், தெரிந்துகொள்ளும் ஆசை மறு பக்கம். ஆசைதான் ஜெயித்தது. பட்டுப்போன பனையில் குடியிருந்த மரங்கொத்தி கொண்டையப்பனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தக் கரையில் எங்கே எந்தப் பூச்சி புகுந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

கொண்டையப்பன் கம்ப்யூட்டரைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஆன்டிவைரஸ் ஒண்ணு இருந்துச்சே, எங்கே?"

"சும்மா சும்மா எச்சரிக்கை பண்ணிக்கிட்டே இருந்துச்சு அண்ணே. தொல்லையா இருக்குன்னு நிறுத்தி வச்சேன்."

"நாய் குரைக்குதுன்னு நாயைத் துரத்திட்டுத் திருடனுக்குப் பாய் போட்டியா?" என்று சொல்லிக்கொண்டே அதை மறுபடியும் ஓடவிட்டான். திரையில் வரிசையாகச் சிவப்புக் குறிகள் விழுந்தன. கொண்டையப்பனின் கொண்டை நட்டுக்கொண்டது.

"தங்கச்சி, இது செயலியே இல்லை. குயில் முட்டை!"

"என்னது?"

"வெளியே பார்த்தா உன் முட்டை மாதிரியே இருக்கும். உள்ளே இருக்கிறது வேற குஞ்சு. இப்படி வேஷம் போட்டு வர்றதுக்கு ட்ரோஜன்னு பேர். அது கதவை உடைக்காது. நீயே கதவைத் திறந்து உள்ளே வச்சு அடைகாத்திருக்கே!"

அஞ்சனைக்குச் சுருக்கென்றது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று நொந்துகொண்டாள். இருந்தாலும் கேள்வி நிற்கவில்லை. "அப்ப என் படங்கள் கெட்டுப்போனது?"

"அந்தக் குஞ்சு கூட்டிக்கிட்டு வந்த வைரஸ் வேலை. மாமரத்துல புல்லுருவி பார்த்திருக்கியா? அது தனியா வாழாது, ஒரு கிளையில ஒட்டிக்கிட்டாத்தான் அதுக்கு உயிர். வைரஸும் அப்படித்தான், ஒரு ஃபைல்ல ஒட்டிக்கும். நீ அந்த ஃபைலைத் திறந்தா அடுத்ததுக்குத் தாவும்."

"நான் ஒண்ணையும் திறக்கலையே!" என்றார் கட்டைவாலன் மாமா.

"அப்டேட் போட்டீங்களா மாமா?"

"அது தினம் கேட்கும். நானும் தினம் 'பிறகு பார்க்கலாம்'னு அழுத்துவேன்."

"நல்லா அழுத்தினீங்க! கூட்டுல ஓட்டை விழுந்தா சுள்ளி வச்சு அடைப்போம் இல்லையா? அப்டேட் அந்தச் சுள்ளி. நீங்க அடைக்கலை, புழு ஊர்ந்து வந்துடுச்சு. கணினிப் புழுவுக்கு யாரும் கதவைத் திறக்க வேணாம். ஓட்டை கண்ட இடத்துல தானா நுழையும். இந்நேரம் கரை முழுக்கப் போயிருக்கும்."

மாமா கட்டை வாலை இன்னும் கொஞ்சம் மடக்கிக்கொண்டார்.

அஞ்சனை கிட்டே வந்தாள். தலையை ஒருச்சாய்த்துக் கம்ப்யூட்டரையே பார்த்தாள். இந்தக் கண்ணால் ஒரு தரம், அந்தக் கண்ணால் ஒரு தரம். ஒருவழியாக அந்தத் தலை சாய்ந்துவிட்டது!

"அண்ணே, கேமரா பக்கத்துல ஒரு குட்டிப் பச்சை விளக்கு இருக்கே. நான் போன்ல கூட்டைப் பார்க்கும்போதுதானே அது எரியணும்?"

"ஆமா."

"நான் இங்கேயே இருக்கேன். போன் மூடிக் கிடக்கு. இப்ப ஏன் எரியுது?"

கொண்டையப்பன் விளக்கை உற்றுப் பார்த்தான். பிறகு சொன்னான்: "அப்படின்னா வேற யாரோ பார்க்கிறாங்க. வேவு பார்க்கிற நிரல் ஒண்ணும் உள்ளே இருக்கு."

அஞ்சனைக்கு உடம்பெல்லாம் இறகு சிலிர்த்தது. எழுந்தவுடன் குக்கூ! திரும்பியவுடன் புள்ளி நிழல்! எல்லாம் புரிந்துவிட்டது. முட்டைகளைக் காக்க அவள் வைத்த கண்ணாலேயே குயில்கள் அவள் எப்போது போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தன. "அடப் பாவிகளா!" என்று அலறிக்கொண்டு, மைக்கைப் பிசினால் அடைத்து, ஒரு பூவரச இலையிலும் பிசினைத் தடவிக் கேமராவின் மேல் ஒட்டினாள்.

ஒட்டியதுதான் தாமதம், திரை செக்கச்செவேலென்று மாறியது.

'கண்ணையா மூடினாய்? உன் குஞ்சுகளின் குரல்களைப் பூட்டிவிட்டோம். அவை வேண்டுமானால் எங்கள் முட்டையை உன் கூட்டில் வைத்து அடைகாக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் பதில் சொல்!'

அஞ்சனை பாய்ந்துபோய்க் குரல் பதிவுகளைத் திறந்தாள். ஒவ்வொன்றையும் அழுத்தினாள். ஒன்றும் பேசவில்லை. வெறும் இரைச்சல்தான் வந்தது.

"இதோட வேற நகல் எங்கேயாவது வச்சிருக்கியா?" என்று கேட்டான் கொண்டையப்பன்.

"இல்லையே அண்ணே! இது ஒண்ணுதானே இருந்துச்சு!" அஞ்சனை ஓவென்று அழுதாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று மாமா முணுமுணுத்தார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரும் அதே கதியில் இருந்ததால் சத்தமாகச் சொல்லவில்லை.

மனைவி அழுவதைப் பார்க்க மையழகனுக்குத் தாங்கவில்லை. "போகட்டும் அஞ்சனை. ஒரே ஒரு முட்டைதானே! போன வருஷமும் வளர்த்தோமே. அந்தக் குரல் இல்லாம நீ எப்படி இருப்பே?"

அஞ்சனை அழுகையை நிறுத்தினாள். கூட்டுக்குள் பார்த்தாள். மூன்று முட்டைகளும் வெதுவெதுப்பாக ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு கிடந்தன. "அந்தக் குயில் முட்டை உள்ளே வரணும்னா நம்ம முட்டை ஒண்ணு கீழே விழணும். எதைத் தள்ளலாம், நீங்களே சொல்லுங்க!"

மையழகன் மூன்று முட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"போன வருஷக் குரலுக்காக இந்த வருஷக் குஞ்சைக் கொடுக்க மாட்டேன்!" என்றாள் அஞ்சனை. சொல்லிவிட்டு மூன்று முட்டைகளையும் சிறகால் அணைத்துக்கொண்டாள்.

பிறகு அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. "அண்ணே, அவங்க இந்தக் கேமராவை நம்பறாங்க இல்லையா?"

"கண்ணை மூடிக்கிட்டு நம்பறாங்க!"

"அப்ப அவங்க பார்க்க ஆசைப்படறதையே காட்டுவோம்."

அஞ்சனை திரையில் பதில் எழுதினாள்: 'சம்மதம். நாங்கள் இரை தேடப் போகிறோம். கூடு காலியாக இருக்கும்.' எழுதிவிட்டு இலையைப் பிய்த்து எடுத்தாள். கேமராவுக்கு நன்றாகத் தெரியும்படி அவளும் மையழகனும் குளத்தைத் தாண்டிப் பறந்தார்கள். அந்தப் பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, கேமராவின் முதுகுப் பக்கமாகப் பூவரசுக்கே திரும்பி வந்தார்கள். கட்டைவாலன் மாமா சொந்தபந்தம் எல்லாரையும் கூட்டி ஏற்கனவே இலைகளுக்குள் உட்கார வைத்திருந்தார். அத்தனை காக்கைகள் ஒரே மரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தது அந்தக் கரையில் அன்றைக்குத்தான்!

கொஞ்ச நேரத்தில் எதிர்க்கரை மாமரத்திலிருந்து இரண்டு குயில்கள் வந்தன. ஆண் குயில் செங்கண்ணன் மேல்கிளையில் காவலுக்கு நின்றான். பெண் குயில் புள்ளிச்சி சிறகை ஒடுக்கிக்கொண்டு கூட்டின் விளிம்பில் கால் வைத்தாள். ஒரு முட்டையை அலகால் தள்ளப்போனாள்.

"கா!" என்று கத்தினாள் அஞ்சனை.

மரமே எழுந்து பறந்தது போல இருந்தது. செங்கண்ணன் தான் பேர் போட்ட இசைச் சங்கத்தையும் மறந்தான், பெண்டாட்டியையும் மறந்தான், திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டான். புள்ளிச்சி நடுவில் மாட்டிக்கொண்டாள். சுற்றிலும் அலகுகள்.

"பூட்டைத் திற! சாவியைக் கொடு!" என்றான் மையழகன்.

புள்ளிச்சி திருதிருவென்று விழித்தாள். "சாவி... சாவி கிடையாது."

"என்ன சொல்றே?"

"பூட்டறதுக்கு மட்டும்தான் கத்துக்கிட்டோம். திறக்கிற வழி எங்களுக்கே தெரியாது."

"அப்ப நாங்க உன் முட்டையை அடைகாத்திருந்தா?" என்று கேட்டாள் அஞ்சனை.

"அப்பவும்... திறந்திருக்காது."

காக்கைகள் கொதித்துப்போய் அலகை ஓங்கின. அஞ்சனை சிறகை விரித்துத் தடுத்தாள். அவளுக்கும் கோபம்தான். ஆனால் கோபத்தைவிடத் துக்கம் பெரிதாக இருந்தது.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டுப் போ. இந்தக் கரைக்கு முட்டை வைக்க வர்ற குயில் நீ ஒருத்திதான். போன வருஷம் என் கூட்டுல ஒரு முட்டை வச்சியே, அதுக்குக் குண்டன்னு பேர் வச்சேன். நல்லா சாப்பிடுவான். முதன்முதலா அவன் 'குக்கூ'ன்னு சொன்னப்ப நீ பக்கத்துல இல்லை. நான்தான் இருந்தேன். அவன் குரலையும் பதிஞ்சு வச்சிருந்தேன். நீ பூட்டின பூட்டுக்குள்ளதான் அதுவும் இருக்கு."

பறக்க விரித்த சிறகைப் புள்ளிச்சி மடக்கிக்கொண்டாள். "எப்படி இருந்துச்சு அவன் குரல்?" என்று கேட்டாள்.

அஞ்சனை சொல்லிக் காட்ட வாயைத் திறந்தாள். "கா" என்றுதான் வந்தது. இன்னொரு தரம் முயன்றாள். அப்போதும் "கா"தான்.

புள்ளிச்சி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பறந்து போனாள். அவளை யாரும் துரத்தவில்லை.

கொண்டையப்பன் ஒவ்வொரு கூடாகப் போய் இணைப்பைப் பிடுங்கினான். கம்ப்யூட்டர்களைச் சுத்தமாகத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினான். அந்தக் கரையில் எல்லாக் காக்கைக்கும் கடவுச்சொல் 'காகா' என்றே இருந்ததைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தான். ஆளுக்கு ஒன்றாக மாற்றச் சொன்னான். கட்டைவாலன் மாமா இப்போது அப்டேட் வந்தால் சோற்றைக்கூட விட்டுவிட்டு ஓடுகிறார்.

அஞ்சனையின் முட்டைகள் பொரிந்தன. மூன்றும் அவள் குஞ்சுகள்தான். முதல் குஞ்சு வாயைத் திறந்து "கா" என்றதும் அவள் அதைப் பதிந்தாள். உடனே ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து, எந்தக் கம்ப்யூட்டரிலும் செருகி வைக்காமல், கொண்டையப்பனின் பனைப் பொந்துக்குள் கொண்டுபோய் வைத்தாள். பிறகுதான் குஞ்சுக்குப் புழு ஊட்டினாள்.

இன்றைக்கும் நல்லது கிடைத்தால் அவள் ஊரைக் கூப்பிடத்தான் செய்கிறாள். போன வாரம் ஒரு செய்தி வந்தது: 'வாழ்த்துகள்! உங்கள் குஞ்சுகளுக்கு ஒரு கூடை இறால் பரிசு! இங்கே அழுத்துங்கள்!' அஞ்சனை தலையை ஒருச்சாய்த்து இந்தக் கண்ணால் ஒரு தரம், அந்தக் கண்ணால் ஒரு தரம் பார்த்தாள். "கா! கா! யாரும் திறக்காதீங்க!" என்று கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

வருவது சோற்று உருண்டையானாலும் செயலியானாலும் யார் தந்தது, எதற்குத் தந்தது என்று தலையைச் சாய்த்துப் பார்த்த பிறகே கூட்டுக்குள் விட வேண்டும். உயிருக்கு உயிரான எதையும் ஒரே கூட்டில் மட்டும் வைத்திருக்கவும் கூடாது.